விசா ஃபைல் நகரவில்லை என்றால் அயர்லாந்து டீடியிடம் போகலாமா?

கேள்வி இது (டீடி என்றால் இங்கத்திய எம்.பி., டோயில் என்றால் நாடாளுமன்றக் கீழவை, பி.கியூ. என்றால் அமைச்சரிடம் டீடி போடும் நாடாளுமன்றக் கேள்வி): "அண்ணா, கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் வேலை பர்மிட்டில் டப்ளினுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மனைவியின் ஜாயின் ஃபேமிலி விசாவுக்குச் சென்னையில் மனு கொடுத்து ஆறு மாதம் ஓடிவிட்டது, பதிலே இல்லை. ஆபீஸில் ஒருவர், எதிர்க்கட்சி டீடி ஒருவரைப் பிடித்து டோயிலில் பி.கியூ. போடச் சொல் என்கிறார். எனக்கு ஓட்டு இல்லையே, மதிப்பார்களா? டிவியில் என் பெயர் வருமா? அமைச்சரையே கேள்வி கேட்டுவிட்டான் என்று ஃபைலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்களா?"

தம்பி, மதிப்பார்கள். பெயர் வராது. ஓரமாகவும் வைக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் ஃபைல் வரிசையைத் தாண்டி முன்னால் போகவும் போகாது. இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதலில், டிவியில் நீங்கள் பார்க்கிற சண்டை வேறு, பி.கியூ. வேறு. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நடப்பது தலைவர்கள் கேள்வி. செவ்வாயும் புதனும் பிரதமர், அதாவது டீஷக், எழுந்து பதில் சொல்வார். வியாழன் துணைப் பிரதமரின் முறை. எதிர்க்கட்சித் தலைவர் மூன்று நிமிடம் கேட்கலாம், பதிலுக்கு மூன்று நிமிடம், பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம். என்ன கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் அங்கே அனல் பறக்கிறது. எதிர்க்கட்சியான சின் ஃபெயினின் தலைவர் மேரி லூ மெக்டொனால்டும் டீஷக் மீஹோல் மார்ட்டினும் மோதிக்கொள்ளும் துண்டுகள் மாலைச் செய்திக்கு என்றே அளவெடுத்துத் தைத்தவை. அந்த நிமிடங்களுக்கு இருக்கிற கிராக்கியைப் பாருங்கள்: அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளுக்கும் கேள்வி நேரத்தில் பங்கு கொடுப்பதா என்ற தகராறில் 2025 ஜனவரியில் பிரதமர் தேர்வே ஒரு நாள் தள்ளிப்போனது.

அதற்கு அடுத்த வகை, முன்கூட்டி எழுதிக் கொடுத்து அவையில் வாயால் பதில் பெறும் கேள்வி. ஒவ்வொரு துறை அமைச்சருக்கும் முறை வரும். ஒரு கேள்விக்கு ஆறரை நிமிடம்: கேட்பவர் அறிமுகம் முப்பது விநாடி, அமைச்சர் இரண்டு நிமிடம், பிறகு ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக மாறி மாறி இரண்டு சுற்று. முன்னுரிமைக் கேள்விகள் எதிர்க்கட்சிக் குழுக்களுக்கு. மற்றவற்றுக்குக் குலுக்கல்தான். குலுக்கலில் பின்னால் விழுந்த கேள்வி அவையில் எடுபடாமல் எழுத்துப் பதிலோடு முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் உங்களுக்கானது: எழுத்துப்பூர்வ கேள்வி. நம் நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிடாத கேள்வி என்பார்களே, அதன் சித்தப்பா பிள்ளை. யாரும் எழுந்து பேச மாட்டார்கள். டீடி அலுவலகம் கேள்வியைப் பதிவு செய்யும், மூன்று நான்கு வேலை நாளில் அமைச்சர் பெயரில் எழுத்தில் பதில் வரும். தனிநபர் விவகாரம் என்றால் அச்சில் "ஒரு நபர் (விவரம் தரப்பட்டுள்ளது)" என்று மட்டும் இருக்கும். பெயரும் விண்ணப்ப எண்ணும் துறைக்குத் தனியாகப் போகும். எரக்தஸ், அதாவது அயர்லாந்து நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இந்தப் பதில்களை யாரும் தேடிப் படிக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலும் அது நீங்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டு விஷயம். டோயில் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லை, சரி. ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டுக் குடிமகனானாலும் இங்கே வசிப்பவருக்கு ஓட்டு உண்டு, வாக்காளர் பட்டியலில் இன்றே பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். டீடிகள் உங்களை மதிக்க இன்னொரு காரணம் தேர்தல் முறை. ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து டீடிகள். 2024 தேர்தலில் 43 தொகுதிகளுக்கு 174 பேர். ஒரே கட்சியின் இரண்டு பேர் ஒரே தொகுதியில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவார்கள். அதனால் கிளினிக் என்று வாராவாரம் உட்கார்ந்து குறை கேட்பதுதான் அவர்கள் பிழைப்பு. மருத்துவமனை என்று நினைத்துவிடாதீர்கள்.

எதிர்க்கட்சி டீடியாக இருந்தால்தான் உறைக்கும் என்பது நம்மூர்க் கணக்கு. ஒரு விசா ஃபைலுக்கு அந்த வேறுபாடு எடுபடாது. ஆளுங்கட்சிப் பின்வரிசை டீடிகளும் பி.கியூ. போடுவார்கள். அமைச்சராக இருப்பவர் போட மாட்டார், மேலவை செனட்டருக்கு அந்த உரிமை இல்லை. இவர்களைத் தவிர்த்து, உங்கள் தொகுதியில் கேஸ் வேலையைப் பொறுமையாகச் செய்யும் அலுவலகம் எது என்று விசாரியுங்கள். ஒரே ஒருவருக்கு எழுதுங்கள். நாலு பேருக்கும் எழுதினால் நாலு கேள்விக்கும் ஒரே பதில் நகலாக வரும், நாலு அலுவலகமும் உங்கள் பெயரை வேறு விதமாக ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. விசா அலுவலகம் தற்போது எந்தத் தேதி மனுக்களைப் பார்க்கிறது என்பதை அவர்களே வெளியிடுகிறார்கள். உங்கள் மனுத் தேதி இன்னும் வரவில்லை என்றால் டீடிக்கு எழுதுவது வீண். தேதி தாண்டியும் பதில் இல்லை என்றால்தான் உங்கள் கேஸில் பிடி இருக்கிறது.

கடிதம் அரைப் பக்கம் போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருவர் பெயர், மனைவியின் பிறந்த தேதி, ஆன்லைன் மனுவில் கிடைத்த விண்ணப்ப எண், வி.எஃப்.எஸ். விசா மையத்தில் ஆவணம் கொடுத்த தேதி, கடைசியாக வந்த தகவலின் தேதி, உங்கள் பர்மிட் வகை, ஏர்கோடு (வீட்டு அஞ்சல் குறியீடு). தொகுதிக்காரர் என்பதை ஏர்கோடுதான் சொல்லும். "என் சார்பில் துறையிடம் விசாரிக்கச் சம்மதிக்கிறோம்" என்று ஒரு வரி, இருவர் கையெழுத்துடன். இது இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பு விதியைக் காட்டி அலுவலகம் திருப்பிக் கேட்கும், ஒரு வாரம் போய்விடும். விண்ணப்பதாரர் மனைவி, நீங்கள் இல்லை என்பதை மறந்துதான் பலர் தங்கள் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். பாஸ்போர்ட் நகல், கல்யாண போட்டோ எதுவும் வேண்டாம்.

கடிதத்தில் பி.கியூ. போடுங்கள் என்று கேட்காதீர்கள். முதலில் "எரக்தஸ் மெயில் வழியாக விசாரியுங்கள்" என்று கேளுங்கள். குடிவரவு விவகாரங்களுக்காக நீதித்துறை அமைச்சகம் டீடி அலுவலகங்களுக்கு என்றே வைத்திருக்கும் மின்னஞ்சல் வழி அது. நேராக பி.கியூ. போட்டால் வரும் பதில் பத்திரிகையில் வரும் ராசிபலன் மாதிரி எல்லோருக்கும் ஒன்றுதான்: மனு பரிசீலனையில் உள்ளது, இப்படிப்பட்ட தகவலை மின்னஞ்சல் வழியாகவே பெறலாம், அந்தப் பதில் போதவில்லை அல்லது மிகவும் தாமதம் என்றால் மட்டும் பி.கியூ. பக்கம் வரலாம் என்று டீடிக்கே பாடம் எடுத்து முடிப்பார்கள். மின்னஞ்சலுக்கு நியாயமான அவகாசம் கொடுத்தும் பதில் வராதபோது போடும் பி.கியூ.வுக்கு எடை அதிகம், ஏனென்றால் அந்த வாக்கியத்தை அவர்கள் மறுபடி சொல்ல முடியாது.

கேள்வி தவறான அமைச்சருக்குப் போவது இன்னொரு தொல்லை. விசா, ஐ.ஆர்.பி. என்ற வசிப்பு அனுமதி அட்டை, குடியுரிமை எல்லாம் நீதித்துறை. வேலை பர்மிட் தொழில்துறை. பி.பி.எஸ். எண் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்) சமூகப் பாதுகாப்பு. ஓட்டுநர் உரிமம் போக்குவரத்து. "பர்மிட்டும் மனைவி விசாவும்" என்று ஒரே கடிதத்தில் குழைத்தால், கேள்வி ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகும், பாதிக்குத்தான் பதில் வரும். மருத்துவமனைக் காத்திருப்பு போன்றவற்றில் அமைச்சர் தானே பதில் சொல்லாமல், நேரடியாகப் பதில் தருமாறு சுகாதாரச் சேவை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார். அதைப் பின்தொடர்வது டீடி அலுவலகத்தின் கையில். நீதிமன்றத்தில் உள்ள கேஸைத் தொட்டால் சபாநாயகர் அலுவலகமே கேள்வியை நிறுத்திவிடும்.

பதில் வந்ததும் வார்த்தைகளைக் கவனியுங்கள். "பரிசீலனையில்" என்றால் பொதுவாக வரிசையில் இருக்கிறது. "கூடுதல் ஆவணம் கேட்டு எழுதப்பட்டது" என்றால் ஓடுங்கள், அந்தக் கடிதம் மனைவியின் ஸ்பாம் பெட்டியில் கிடக்கலாம். ஒரு பி.கியூ.வால் உண்மையில் கிடைக்கும் பெரிய லாபம் இந்த மாதிரி ஒரு தகவல்தான். ஃபைலில் உள்ளதையே பார்க்க வேண்டும் என்றால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மனைவி தன் பதிவுகளின் நகலைக் கேட்கலாம், கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும்.

எதிர்க்கட்சி டீடி தேவைப்படும் இடம் வேறு: உங்கள் ஃபைல் மட்டும் இல்லாமல் மொத்த வரிசையும் நிற்கும்போது. "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "வளங்கள் அதிகரிக்கப்படுகின்றன" என்பார்கள். "ஜாயின் ஃபேமிலி மனுக்களில் ஆறு மாதம் தாண்டி நிலுவையில் உள்ளவை எத்தனை, மாதவாரியாக அட்டவணை தருக" என்று கேட்டால் எண் தர வேண்டும், அல்லது அப்படிக் கணக்கு வைக்கவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் அடுத்த கேள்விக்குத் தீனி.

இந்த வேலையில் கில்டேர் வடக்குத் தொகுதி டீடியாக இருந்த கேத்தரின் மர்பியைச் சொல்லலாம். சைட்சர்வ் என்ற நிறுவனத்தை 2012-ல் அரசுடைமை வங்கி பத்துக் கோடி யூரோவுக்கு மேல் கடனை விட்டுக்கொடுத்து விற்றது. மர்பி அப்போது சுயேச்சை. நிதியமைச்சர் மைக்கேல் நூனனிடம் துண்டு துண்டாக எழுத்துக் கேள்விகளை அடுக்கினார், தகவல் உரிமைச் சட்டத்திலும் ஆவணம் கேட்டு வாங்கினார். பதில்களும் ஆவணங்களும் பொருந்தாதது வெளியே வந்தது, 2015-ல் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதற்கு முன்பே, மாட்டிறைச்சித் தொழில் முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க 1991-ல் தொடங்கிய தீர்ப்பாயத்தில் நீதிபதி லியாம் ஹாமில்டன், டோயிலில் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது என்று சொல்லியிருந்தார். மழுப்பல் பதிலுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு, துறை அதிகாரிகளுக்கு அதில் நல்ல பயிற்சியும் உண்டு.

மனு நிராகரிக்கப்பட்டால் டீடியைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கு நிராகரிப்புக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம்தான், அதை பி.கியூ. நீட்டிக்காது. காலண்டரையும் பாருங்கள்: ஜூலை நடுவில் டோயில் கோடை விடுமுறைக்குக் கலைந்தால் செப்டம்பர் நடுவில்தான் கூடும். அந்த இடைவெளியில் எழுத்துக் கேள்விக்கு வழக்கமான நாள்கள் கிடையாது, எரக்தஸ் மெயிலைத்தான் நம்ப வேண்டும். ஜூன் மாதத்துக்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.