ஆயில் போல்ட் சொட்டுகிறதா? மேலும் இறுக்காதீர்கள்

தம்பி, கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியின் கீழே ஜாகா (காவலாளி) விரட்ட விரட்ட அவசரமாக ஆயில் மாற்றினீர்கள், இப்போது உங்கள் ஹோண்டா ஈஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிளில் ஆயில் சொட்டுகிறது, பகிர்வுப் பட்டறைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இடத்துக்கும் சாமானுக்கும் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

ஆனால் சொட்டுகிறதே என்று, இன்ஜின் அடியில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டை மேலும் முறுக்காதீர்கள்! போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். மரைதான் முதலில் போகும். நானும் நீளக் குழாய் மாட்டி முறுக்கியவன்தான். திடீரென்று கை லேசானது; கழற்றினால் போல்ட்டில் வெள்ளிச் சுருளாக அலுமினியம்.

பழைய வாஷரையே திரும்பப் போட்டீர்களா? புதிது மாற்றிப் பாருங்கள், சில்லறைக் காசுதான். போல்ட்டைச் சரியான அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையாகக் கேட்டுப் போங்கள். அப்புறம், ஊற்ற வேண்டியது ஒரு லிட்டருக்கும் குறைவுதான், முழு பாட்டிலையும் கவிழ்த்துவிடாதீர்கள்.