பழைய வீட்டுக்குள் ஏன் இருட்டு?

கேள்வி: பாதுகாக்கப்பட்ட பழைய ஊர் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். ஒரு நாளில் எத்தனை வீடுகள் பார்க்கலாம்? உள்ளே இருட்டாக இருக்கும், முதுகுப்பையை வாங்கி வைத்துவிடுவார்கள் என்கிறார்களே, ஏன்?

பதில்: மூன்று போதும். நான்காவது வீட்டில் எல்லாக் கட்டிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். வழிகாட்டியோடு மட்டும் விடும் வீட்டுக்கு முதலில் நேரம் பதிந்துகொண்டு, மற்றதை அதையொட்டி வையுங்கள். இருட்டு வேண்டுமென்றே வைப்பதுதான்: பட்டும் திரைச்சீலையும் வெளுக்காமலிருக்க, வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது வழக்கம். வெளுத்த சாயம் திரும்பாது. வெயிலிலிருந்து நுழைந்ததும் வாசலருகே சில நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். முதுகுப்பை திரும்பும்போது எதை இடிக்கிறதென்று நமக்கே தெரியாது. ஊசிக் குதிகால் செருப்பும் வேண்டாம். உடல் எடை முழுக்கச் சின்னப் புள்ளியில் இறங்கி மரத்தரையில் குழி விழும்.