வெள்ளம் வடிந்த புறம்போக்கில் மாடு மேய்க்கலாமா?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாலு உம்பளச்சேரி மாடு, பதினைந்து ஆடு வைத்திருக்கிறேன். புயல் மழைத் தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆகிறது. வைக்கோல் போர் நனைந்து போய்விட்டது. ஏரிப் புறம்போக்கில் புல் பச்சைப் பசேலென்று கிளம்பியிருக்கிறது, அங்கே ஓட்டலாமா? யாராவது தடுப்பார்களா? கோடியக்கரை காட்டுப் பக்கம் ஓட்டிப் போகலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஏரிக்குள் இப்போதைக்கு ஓட்ட வேண்டாம். திடல், வாய்க்கால் கரை, ரோட்டோர மேடு என்று தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள், அங்கே புல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. காட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் சங்கடம் புரிகிறது. சம்பா இன்னும் வயலில் நிற்கிறது, அறுத்த தாளில் மாடு விடுவதற்குத் தை மாசி ஆகிவிடும். கையில் இருந்த வைக்கோலும் போய்விட்டது. இந்த நேரத்தில் ஏரிக்குள் பச்சையாகத் தெரிந்தால் யாருக்கும் மாட்டை அவிழ்த்துவிடத்தான் தோன்றும். ஆனால் எந்த இடத்தில் தண்ணீர் கடைசியாக வடிந்ததோ அந்த இடத்துப் புல்தான் இருப்பதிலேயே மோசமான புல்.

ஒரு பிடி பிடுங்கிப் பாருங்கள். உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் சாம்பல் நிறத்தில் வண்டல் தூளாகக் கொட்டும், கையை மோந்தால் சாக்கடை வாடை வரும். அந்த மண் வயிற்றுக்குள் போய்ப் படிந்தால் மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். ஒரு நல்ல மழை பெய்து கழுவி, பழைய தாள் மேல் புதுத் துளிர் ஒரு சாண் வந்த பிறகு இந்தத் தொந்தரவு குறையும்.

மண்ணைவிடப் பெரிய தலைவலி ஈரல் தட்டைப்புழு. நம் ஏரி குளத்து நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, தண்ணீர் ஓரத்துப் புல் தண்டில் கண்ணுக்குத் தெரியாத முட்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிய வடிய அந்தத் தண்டெல்லாம் மாட்டின் வாய்க்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இன்று மேய்ந்தால் நாளைக்கே ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கல். இரண்டு மூன்று மாதம் கழித்து ஆடு மெலியும், சாயங்காலம் மேய்ந்து திரும்பும்போது தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி தொங்கும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும். அப்போது யாருக்கும் இந்த வெள்ளம் ஞாபகத்தில் இருக்காது, "தீனி பத்தலை" என்று சொல்லிக்கொண்டிருப்போம். பூச்சி மருந்து கொடுப்பதென்றால் டாக்டரிடம் 'தட்டைப்புழுவுக்கு' என்று சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கிற மருந்துகளில் பல இதைத் தொடாது. வழக்கமாகக் கொடுக்கும் ஆக்சிகுளோசனைடு வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குஞ்சுப் புழு தப்பிவிடும். அதனால் அடுத்த தவணை எப்போது என்பதையும் அன்றைக்கே கேட்டுக் குறித்து வையுங்கள்.

இப்போது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு வருவோம். புயலில் பறந்த தகர ஷீட், ஆணி, கம்பித் துண்டு எல்லாம் புல்லுக்குள்தான் கிடக்கும். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், பெரும்பாலும் தப்பிவிடும். மாடு அப்படியில்லை, நாக்கைச் சுழற்றிக் கொத்தாக இழுத்து மெல்லாமல் விழுங்கும். உள்ளே போன ஆணி இரைப்பையைக் குத்தி, அங்கிருந்து இதயம் வரை போவதுண்டு. மேய்ச்சல் இடத்தை முதல் நாள் நீங்களே ஒரு தடவை காலால் துழாவி நடந்து பாருங்கள். அறுந்து விழுந்த மின்கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள். பூட்ஸ் போட்டு நடப்பது நல்லது, காலில் புண் இருந்தால் அந்தச் சேற்றில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் மாட்டுக்கு மட்டும் வருவதில்லை.

சரி, மேட்டில் ஓட்டுகிறீர்கள். அப்போதும் பசித்த மாட்டை வெறும் வயிற்றோடு இளம்புல்லில் விடாதீர்கள். நாலு நாள் அரைவயிறாகக் கிடந்தது ஒரே மூச்சில் தின்றால் வயிறு உப்பிவிடும். இருக்கிற காய்ந்த தீனியில் கொஞ்சம் போட்டுவிட்டு, பனி காய்ந்த பிறகு, முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். இடது பக்க விலா பந்து மாதிரி எழும்பினால் தாமதிக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நனைந்த போரை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. மேலே உள்ளதைப் பிரித்து, உள்ளே காய்ந்து கிடப்பதை எடுத்து வெயிலில் போடுங்கள். கறுப்போ வெள்ளையோ பூஞ்சை பூத்ததையும், புழுங்கிய வாடை அடிப்பதையும் எருக்குழியில் தள்ளுங்கள். பூஞ்சை நச்சு வெயிலில் போகாது. ஆடுகளுக்குச் சாய்ந்து கிடக்கிற பூவரசு, கிளுவை, ஒதியன் தழை போதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபோது உங்கள் பக்கமெல்லாம் மரமே தீவனமாகக் கிடந்ததே. வேலியோடு சாய்ந்த அரளி மட்டும் அதில் கலந்துவிடக் கூடாது, கொஞ்சம் தழையே ஆட்டைக் கொன்றுவிடும்.

கடல் தண்ணீர் ஏறி வடிந்த இடமென்றால் இன்னொன்று: குட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் மாட்டைக் காட்டாதீர்கள். வீட்டிலேயே நல்ல தண்ணீர் குடிக்கவிட்டு ஓட்டிப் போனால் அங்கே போய் வாய் வைக்காது.

இனி யார் தடுப்பார்கள் என்ற கேள்வி. புறம்போக்கு என்றால் கேட்பாரில்லாத நிலம் என்று நாம் பேச்சில் சொல்கிறோம், கணக்கில் அப்படி இல்லை. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, ஏரி, வாய்க்கால் என்று ஒவ்வொன்றும் தனி வகை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மேய்க்கால் என்றிருந்தால் ஊர் மாடு மேயத்தான் அந்த நிலம், தைரியமாக ஓட்டலாம். ஏரியில் மரக்கன்று நட்டிருந்தாலோ மீன் குத்தகை விட்டிருந்தாலோ பிரச்சினை வரும், ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுவது உங்களுக்குத்தான் நல்லது. கொண்டியில் அடைத்துவிட்டால் மாட்டை மீட்கப் பணமும் நேரமும் போகும்.

கோடியக்கரை விஷயம் வேறு. அது 1967-லேயே சரணாலயமானது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகங்களில் மேய்க்கக் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், அங்கே வெளிமான் இருக்கிறது. உங்கள் மாட்டு நோய் அதற்கும், அதன் நோய் உங்கள் மாட்டுக்கும் தொற்ற வழியிருக்கிறது. சரணாலயத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட அரசே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. உங்கள் ஊர் அந்தத் தூரத்துக்குள் வந்தால் இதைச் சொல்லியே முகாம் கேட்கலாம்.

தடுப்பூசியில் மாட்டுக்குத் தொண்டை அடைப்பான், ஆட்டுக்குத் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி மூன்றையும் மறக்காமல் கேளுங்கள். மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டியது, விட்டுப்போயிருந்தால் இப்போதாவது போடுங்கள். ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை தாழ்வான இடத்துக்கு ஓட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையில் ஏதாவது மாடோ ஆடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், அடைப்பான் நோயாக இருக்கலாம். டாக்டர் வந்து பார்க்கும் வரை நாய், காக்கை அண்டாமல் மூடி வையுங்கள். அவர் சொல்கிறபடி ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, அந்த இடத்தில் அடையாளம் நட்டு முள் வேலி போடுங்கள், அங்கே இனி எந்த மாடும் மேயக் கூடாது. வெள்ளத்திலேயே இழந்தது இருந்தால் புதைப்பதற்கு முன் போட்டோ எடுத்து, டாக்டர் சான்றும் வாங்கிவிடுங்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது அரசு மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. புதைத்த பிறகு கையில் எந்த அத்தாட்சியும் இல்லாமல் போய் நின்றால் இந்த மாதிரிப் பணத்தை வாங்குவது பெரும்பாடு.