புள்ளி மறைந்தால் குணமா? கடல் மீன் ஒட்டுண்ணிகள் பற்றிக் கேள்வி பதில்

ஒட்டுண்ணி பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மதுரையில் பதினான்கு வருடமாகக் கடல்நீர் டேங்க் வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மீனைப் பறிகொடுத்தும் காப்பாற்றியும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

திருநகர்: அண்ணே, டோரி மேல ரவை தூவுன மாதிரி வெள்ளைப்புள்ளி வந்துச்சு. நாலு நாள்ல தானா போயிடுச்சு. குணமாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள் தம்பி. இந்த நோயில் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். நீங்கள் பார்த்தது கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச்செல் உயிரி. அது மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். வயிறு நிறைந்ததும் மீனை விட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்குப் புள்ளி மறைந்தது அந்த நேரத்தில்தான். கூட்டுக்குள் அது பலநூறாகப் பிரிந்து குஞ்சுகளாக வெளியே வரும். பெரும்பாலும் அடுத்த சில வாரங்களுக்குள் வந்துவிடும், சில கூடுகள் 72 நாள் வரை தாமதித்ததாகவும் பதிவு இருக்கிறது. வெளியே வந்த குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தித் திரிகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. மருந்தை ஏன் வாரக்கணக்கில் நிறுத்தாமல் வைக்கிறோம் என்பதற்கும் இதுதான் காரணம். இரண்டாவது முறை புள்ளி வரும்போது பத்து இருந்த இடத்தில் இருநூறு இருக்கும், செவுளையும் பிடித்திருக்கும். இப்போதே மீனை வேறு டேங்குக்கு மாற்றுங்கள்.

அண்ணா நகர்: கப்பிக்கு வெள்ளைப்புள்ளி வந்தப்ப கல்லுப்பு போட்டு ஹீட்டரை ஏத்தி வச்சேன், சரியாப் போச்சு. இதுக்கும் அப்படிப் பண்ணலாமா சார்?

நன்னீரில் வருவது வேறு உயிரி, இது வேறு. பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஏற்கெனவே உப்பில் வாழ்கிறதை உப்பு என்ன செய்யும்? சூட்டை ஏற்றினால் அதன் சுழற்சி வேகமாகும், அவ்வளவுதான். நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே 31, 32 டிகிரிக்குப் போய்விடுகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். செவுள் புண்ணாகிக் கிடக்கிற மீன் முதலில் தவிப்பது மூச்சுக்குத்தான். ஹீட்டரை விட்டுவிட்டு ஏர்பம்பைக் கூட்டுங்கள். கரண்ட் போனால் ஓடுகிற மாதிரி பேட்டரி பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கம்பம்: எங்க திராட்சைத் தோட்டத்துல மயில்துத்தம் மூட்டையா இருக்குண்ணே. காப்பர் மருந்துன்னா அதானே? ஒரு சிட்டிகை போட்டா போதுமா?

வெள்ளைப்புள்ளிக்குப் போடுகிற காப்பர் மருந்தும் பொருள் அதேதான். ஆனால் சிட்டிகைக் கணக்கு ஆளைக் கவிழ்த்துவிடும். துத்தத்தின் எடையில் கால்பங்குதான் காப்பர். மீனுக்கு வேண்டியது லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் காப்பர். 100 லிட்டர் டேங்குக்கு 0.2 அளவில் வைத்துக் கணக்குப் போட்டால் 20 மில்லிகிராம் காப்பர், அதாவது சுமார் 79 மில்லிகிராம் துத்தம். இரண்டு விரலால் கிள்ளினாலே அதைப்போலப் பல மடங்கு வந்துவிடும், மீன் ராத்திரிக்குள் போய்விடும்.

நான் செய்வது இப்படி. சுத்தமான லேப் தரத்துத் துத்தம் 1 கிராமை நகைத் தராசில் நிறுத்து, 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துக்கொள்வேன். அந்தக் கரைசலில் 79 மில்லிதான் 100 லிட்டருக்கான முழு அளவு. அதையும் நான்காகப் பிரித்து இரண்டு நாளில் ஊற்றுவேன். காலையும் மாலையும் காப்பர் டெஸ்ட் கிட்டில் பார்க்க வேண்டும். அளவு கீழே இறங்கிய அன்றைக்குத் தப்பித்த குஞ்சு மறுபடி மீனில் ஏறிவிடும், பிறகு நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 30 நாள் விடாமல் அதே அளவில் வைத்திருங்கள். தோட்டத்து மூட்டையில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, அதைத் தொடாதீர்கள். கடையில் விற்கிற கீலேட் செய்த (வேறு சேர்மத்தோடு பிணைத்த) காப்பரின் அளவு முற்றிலும் வேறு, பாட்டிலில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

உங்களுக்குத் தோட்டக் கணக்கிலேயே இன்னொன்றும் சொல்லலாம். போர்டோ கலவையில் துத்தத்தோடு சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறீர்கள்? காப்பரின் வீரியத்தை அடக்கி இலை கருகாமல் பார்க்கத்தானே. லைவ் ராக் என்கிற கடல் பாறையும் பவள மணலும் சுண்ணாம்பேதான். மருந்து டேங்கில் அவை இருந்தால் காப்பரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அளவு நிற்காது. வெறும் கண்ணாடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. பைப் துண்டு போதும். இன்னொரு எச்சரிக்கை: காப்பர் இருக்கும்போது அமோனியாவைக் கட்டுகிற கண்டிஷனரைச் சேர்க்காதீர்கள், காப்பர் இன்னும் விஷமாகும். அமோனியா ஏறினால் அதே காப்பர் அளவில் கலந்த புதுத் தண்ணீரை மாற்றுங்கள்.

கே.கே. நகர்: மெயின் டேங்க்ல கோரல், இறால் எல்லாம் இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாத மருந்து எதுவும் இல்லையா?

நம்பிக்கையோடு கையில் கொடுக்க எதுவும் இல்லை. நீந்தித் திரிகிற ஒட்டுண்ணியைக் கொல்கிற அளவு வீரியமுள்ளது கோரலையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும். பாறையைக் கலைத்து மீன் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள், மீன் தூக்கக் கலக்கத்தில் வலைக்குள் வந்துவிடும்.

வில்லாபுரம்: டெஸ்ட் கிட் வாங்க இப்ப வசதியில்லண்ணே. காப்பர் இல்லாம வழி இருக்கா?

இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். கூடு கட்டியது குஞ்சு விட குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதை வைத்தே அதைத் தோற்கடிக்கலாம். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மீனை ஒன்றில் விடுங்கள். சரியாக 72 மணி நேரத்துக்குள் புதுத் தண்ணீர் நிரப்பிய அடுத்த டப்புக்கு மீனை மட்டும் மாற்றுங்கள், பழைய தண்ணீர் கூட வரவே கூடாது. காலியான டப், பைப், ஏர்ஸ்டோன் எல்லாவற்றையும் ப்ளீச்சில் கழுவி மொட்டை மாடி வெயிலில் சொட்டு ஈரமில்லாமல் காயப்போடுங்கள். 1, 4, 7, 10 என்று நாள் கணக்கு, 13ஆம் நாள் சுத்தமான டேங்குக்கு. மீனை விட்டு இறங்கினவை எல்லாம் பழைய டப்பிலேயே மாட்டிக்கொண்டு சாகும். ஒரு டப்புக்கு சுமார் ஒன்றரைக் கிலோ சால்ட், அதுதான் செலவு.

உப்பை ஒப்படர்த்திக் கணக்கில் 1.009க்கு இறக்கி வைத்து முப்பது நாள் ஓட்டுகிற முறையும் உண்டு. அதற்கு உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும். முள் ஆடுகிற பிளாஸ்டிக் மீட்டரை நம்பி இதில் இறங்காதீர்கள். இந்த இரண்டு முறையும் வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்தான். அடுத்த கேள்வியில் வருகிற நோய்க்குச் செல்லாது.

பை-பாஸ் ரோடு: புள்ளியே தெரியல, ஆனா மீன் பவர்ஹெட் (நீரோட்டம் தர்ற பம்ப்) முன்னாடியே நிக்குது, வேகமா மூச்சு விடுது. சாப்பிடல.

தம்பி, இதைப் படித்ததும் எழுந்து போய் மருந்து டேங்கைத் தயார் செய்யுங்கள். இது வெல்வெட் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் ஒட்டுண்ணிக்கு அமைலோடினியம் என்று பெயர். வெள்ளைப்புள்ளி மாதிரி வாரக்கணக்கில் அவகாசம் தராது, இரண்டு மூன்று நாளில் டேங்கையே காலி செய்யும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மீனுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தோலில் மஞ்சள் தூள் படிந்த மாதிரி மினுங்கினால் சந்தேகமே இல்லை. செவுளை மட்டும் பிடித்திருந்தால் அதுவும் தெரியாது, மூச்சுதான் அடையாளம்.

எட்டு வருடத்துக்கு முன்னால், வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து பஸ்ஸில் வந்த மஞ்சள் டேங் மீன் ஒன்றைத் தனியே வைக்காமல் நேராக மெயின் டேங்கில் விட்டேன். அது பவர்ஹெட் முன்னால் போய் நின்றபோது, நீரோட்டம் அதற்குப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் ஏழு மீன், ஆறு வருடம் வளர்த்த க்ளவுன் ஜோடி உட்பட, மணலில் கிடந்தது. அன்றிலிருந்து எந்தக் கடை மீனும் ஒரு மாதம் தனி டேங்கில் இருக்காமல் என் மெயின் டேங்கைப் பார்த்ததில்லை.

செய்ய வேண்டியது: ஐந்து நிமிடம் மீனை நன்னீரில் முக்குவது (முறை அடுத்த பதிலில்), உடனே காப்பர். இரண்டு நாளில் மெல்ல ஏற்றுகிற வழக்கத்தை இங்கே ஒரே நாளுக்குள் சுருக்கலாம்.

மேலூர் அக்கா: ஏஞ்சல் மீனோட கண்ணு பனிமூட்டம் மாதிரி இருக்கு, பாறையில உரசிக்கிட்டே இருக்கு. காப்பர் போட்டும் கேக்கல தம்பி.

அக்கா, இது தட்டைப்புழுவாக இருக்கலாம், காப்பருக்கு அசையாது. மீனின் மேல் இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், தெரியாது. உறுதி செய்ய ஒரு வழி. குளோரின் நீக்கிய நன்னீரை ஒரு கறுப்பு டப்பில் எடுங்கள். சூடு டேங்கோடு ஒத்திருக்க வேண்டும். சமையல் சோடா துளித்துளியாகச் சேர்த்து பி.எச்.சையும் சமப்படுத்துங்கள். ஏர்ஸ்டோன் ஓடட்டும். மீனை விட்டு ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் நிமிடம் சாய்ந்து படுக்கும், பயப்படாதீர்கள். துள்ளித் துடித்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். நன்னீர் பட்டதும் புழு வெளுத்துவிடும். குருணை அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக டப்பின் அடியில் உதிர்ந்து கிடப்பதை நீங்களே பார்க்கலாம்.

பார்த்துவிட்டால் மருந்து பிராசிகுவான்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது, அதனால் ஏழு நாள் கழித்துக் குஞ்சுகளுக்கு இன்னொரு முறை. காற்று நன்றாக ஓடட்டும்.

சிம்மக்கல்: க்ளவுன் மேல தோல் உரியற மாதிரி சளி சளியா தொங்குது.

இது புரூக்ளினெல்லா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. கடலில் பிடித்த க்ளவுனுக்கு அதிகம் வரும், காப்பர் கேட்காது. 37 சதவீத ஃபார்மலின், 10 லிட்டருக்கு 1.5 மில்லி, முக்கால் மணி நேரக் குளியல், பலமான காற்றோடு. பிறகு பழைய நீருக்குத் திரும்பாமல் புது டேங்க். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த ஃபார்மலின் மீனுக்கு விஷம், தூக்கிப் போடுங்கள். கையுறை போட்டு, வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

உசிலம்பட்டி: அம்மா மஞ்சத்தூள் போடச் சொல்றாங்க, கடைக்காரர் பூண்டுங்கிறார்.

அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் மஞ்சள் வேண்டாம். தண்ணீர்தான் கெடும். பூண்டுச் சாறு தொட்ட தீனியைச் சில மீன்கள் ஆசையாகத் தின்னும், அந்த அளவுக்கு நல்லது. ஒட்டுண்ணிக்கு அது மருந்தில்லை.

திருமங்கலம்: மண்டபத்துல இருந்து கேன்ல கடல்தண்ணி கொண்டு வர்றோம். அதுல ஒட்டுண்ணி வருமா?

வரலாம். கரையோரமாக எடுக்காமல் ஆழமான, தெளிந்த இடத்தில் எடுங்கள். வந்ததும் ப்ளீச் கலந்து, நன்றாகக் காற்றோட்டி, தயோசல்ஃபேட்டால் குளோரினை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். கூடவே பவளமோ கடல் குதிரையோ எடுத்து வந்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அது மட்டுமில்லை, இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

தெப்பக்குளம்: துடுப்பு நுனியில காலிஃப்ளவர் மாதிரி வெள்ளைக் கட்டி. காப்பர் போடவா?

வேண்டாம். அது லிம்போசிஸ்டிஸ், வைரஸ். தண்ணீரைச் சுத்தமாக வைத்து நல்ல தீனி கொடுங்கள், பெரும்பாலும் தானே உதிரும்.

திருப்பரங்குன்றம்: எல்லா மீனையும் எடுத்து மருந்து டேங்க்ல விட்டாச்சு. மெயின் டேங்க்ல எப்ப திரும்ப விடலாம்?

76 நாள். கூடு தாமதிக்கும் என்று மேலே சொன்ன 72 நாளுக்கு மேல் நாலு நாள் கூடுதலாக வைத்துக்கொள்கிறோம். அதுவரை மெயின் டேங்கில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது, பாறைக்குள் ஒளிந்திருக்கிற சின்ன கோபி மீனைக்கூட விடாதீர்கள். இறாலும் நண்டும் நத்தையும் இருக்கலாம், அவற்றில் இது வளராது. அவற்றுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை துளித் தீனி போடுங்கள். மருந்து டேங்கில் நனைந்த வலையும் கையும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி மீனை வெளியே எடுத்த நாள்தான் ஒன்று. நடுவில் ஒரு மீன் அகப்பட்டால் அன்றைக்கு மறுபடி ஒன்று.