கனத்த கிற்றாரும் கணினித் திரையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை ஹெவி றொக் அல்பங்களையும் வீடியோ கேம்களையும் ஒரே மூச்சில் விசாரிக்கின்றன. இதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை. திருகோணமலையில் என் வயதினர் பலருக்கு இந்த இசை வானொலியின் வழியாக வந்ததைவிடக் கணினி விளையாட்டுகளின் வழியாக வந்ததே அதிகம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒஸி ஒஸ்போன் காலமான செய்தி வந்தபோதுதான் அவர் பாடிய பிளாக் சபாத் குழுவின் பெயரையே கேள்விப்பட்டேன். எந்த அல்பத்திலிருந்து தொடங்கலாம்? – பல்கலைக்கழக மாணவர், நிலாவெளி

1970 இல் வெளிவந்த 'பரனோயிட்' அல்பத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை குலையாமல், ஒரே இருப்பில் கேளுங்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த அவர்களுடைய முதல் அல்பம் ஏறக்குறைய ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அந்த அவசரத்தின் சூடு இரண்டாவதிலும் ஆறவில்லை. ஆயினும் இந்த இசையின் கனம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினால், நீங்கள் 1971 ஆம் ஆண்டின் 'மாஸ்ரர் ஒஃப் றியலிற்றி' வரை போக வேண்டும்.

கிற்றார் வாசித்த ரொனி அயோமி, பதினேழு வயதில் பேர்மிங்ஹாமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில், வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் இயந்திரத்திற்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுவாகவே இருந்தது. இரண்டு விரல்களை வைத்தே கிற்றாரை ஆண்ட ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவருக்கு மனம் தேறியது. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். கோணேசர் கோவில் திருவிழாவில் தவில் வித்துவானின் வலக்கையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்; பசையும் துணியும் சேர்த்து இறுக்கிய அந்தக் கூடுகள் அடிக்கு வலுச் சேர்க்கின்றன, அயோமியின் கூடுகளோ வலியைத் தாங்குவதற்காக வந்தவை. மூன்றாவது அல்பமான 'மாஸ்ரர் ஒஃப் றியலிற்றி'யில் சில பாட்டுகளுக்கு அவர் தந்திகளை வழமையான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்ததால் விரலுக்கு இளைப்பாறல் கிடைத்தது. கேட்பவருக்கு அடிவயிற்றில் இடி இறங்கியது. பிற்காலத்தில் டூம் மெற்றல் என்று அழைக்கப்பட்ட மெதுவான, பாரமான இசை வகை முழுவதும் அந்தத் தளர்ந்த தந்தியிலிருந்து முளைத்தது என்பது என் கணிப்பு.

2025 ஜூலை 5 ஆம் திகதி, தாங்கள் வளர்ந்த அஸ்ரன் பகுதியிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில், ஆரம்பகால உறுப்பினர்கள் நால்வரும் கடைசித் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். அதன்பின் பதினேழாவது நாள் ஒஸி காலமானார். அந்த நிகழ்ச்சியின் துணுக்குகளைப் போனில் பார்த்துவிட்டு அவர்களுடைய இசையை எடைபோட்டுவிட வேண்டாம், தம்பி.

றொக் இசைக்காகவே விளையாட வேண்டிய வீடியோ கேம் எது? ஒன்றை மட்டும் சொல்லுங்கள். – வாசகர், பாலையூற்று

ஒன்றை மட்டும் என்றால், 1996 இல் வந்த 'குவேக்'. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு. நகரத்துக் கணினி நிலையம் ஒன்றில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து அதை விளையாடிப் பழகியபின், ஒரு கடையில் அதன் பிரதியை வாங்கினேன். பச்சை மார்க்கரால் பெயர் எழுதப்பட்டிருந்த அந்த சீடியில் விளையாட்டு இருந்தது, இசை இருக்கவில்லை. குவேக்கின் இசை மூலத்தட்டில் கணினிக் கோப்பாக வைக்கப்படவில்லை. சாதாரணப் பாட்டு சீடியில் உள்ளதைப் போலவே, இரண்டாவது தடத்திலிருந்து பதிவாகியிருந்தது. அந்த மூலத்தட்டைச் சீடி பிளேயரில் போட்டால் கணினியே இல்லாமல் இசையைக் கேட்கலாம். கோப்புகளை மட்டும் பிரதியெடுத்தவர்களுக்கோ ஊமை விளையாட்டுத்தான் கிடைத்தது. குவேக் என்பது வேண்டுமென்றே இசையில்லாமல் செய்யப்பட்ட விளையாட்டு, அரக்கனின் மூச்சும் கல்லோடு கல் உராயும் சத்தமும் மட்டும் போதும் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள் என்று நான் பல ஆண்டுகள் நண்பர்களிடம் வியாக்கியானம் செய்துகொண்டு திரிந்தேன். பக்கத்தில் கசற் பிளேயரில் சபாத்தைப் போட்டுக்கொண்டே விளையாடியதும் உண்டு.

மூலத்தட்டைக் கேட்டபோதுதான் என் வியாக்கியானம் முற்றிலும் பிழையல்ல என்றும் தெரிந்தது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ற் றெஸ்னர் செய்த அந்த இசையில் தொடக்கத் தடத்தைத் தவிர்த்தால் பாட்டு என்று பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. நிலவறைக் காற்றும், துருப்பிடித்த இரும்பின் முனகலும், எங்கோ தூரத்தில் ஒரு குரலும் தான் இருக்கின்றன. விளையாட்டைச் செய்தவர்கள், ஆணித் துப்பாக்கிக்கு உரிய தோட்டாப் பெட்டிகளில் அந்தக் குழுவின் சின்னத்தைப் பொறித்துத் தங்கள் மதிப்பைக் காட்டினார்கள்.

நீங்கள் ஒன்றைத்தான் கேட்டீர்கள் என்றாலும் மற்ற இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'றோட் றாஷ்' விளையாட்டின் 1996 ஆம் ஆண்டுக் கணினிப் பதிப்பில் சவுண்ட்கார்டனின் 'றஸ்ரி கேஜ்' போன்ற பாட்டுகள் தெரிவுத் திரையில் மட்டுமே ஒலிக்கும். மோட்டார்சைக்கிள் ஓட்டம் தொடங்கியதும் அவை நின்றுவிடும். ஆகையால் பாட்டு முடியும்வரை ஓட்டத்தைத் தொடங்காமல், காசு ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று கை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூவர் இருந்தோம். 1986 இல் நடக்கும் கதையைக் கொண்ட, 2002 இல் வெளிவந்த 'வைஸ் சிற்றி' விளையாட்டில் காருக்குள் ஒலிக்கும் வி-றொக் என்ற கற்பனை வானொலியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜூடாஸ் பிறீஸ்ற், அயர்ன் மெய்டன், மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்றாக்ஸ் எல்லோரையும் அது ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது. திருடிய காரைக் கடற்கரையோரம் நிறுத்திவிட்டு, ஒருவரையும் சுடாமல் பாட்டு மட்டும் கேட்டவர்களின் தொகை, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கட்டாயம் அதிகமாகவே இருந்திருக்கும்.

மெற்றாலிக்காவின் 'டெத் மக்னெற்றிக்' அல்பத்தைக் கேட்கும்போது சத்தமான இடங்களில் கரகரக்கிறது. ஹெட்போன் பழுதா? – வாசகர், கிண்ணியா

ஹெட்போனில் பிழையில்லை. 2008 இல் அந்த அல்பம் வெளியான வாரத்திலேயே உலகம் முழுவதும் எழுந்த முறைப்பாடு இதுதான். டிஜிற்றல் ஒலிப்பதிவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் முகட்டைக் கத்தியால் சீவியதுபோல் கருவி வெட்டிவிடும். அந்த வெட்டு வாய்தான் உங்கள் காதில் கரகரப்பாக விழுகிறது. மற்றவர்களுடைய பாட்டைவிடத் தங்கள் பாட்டு உரத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய இடங்களையும் மேலே தூக்கி, முழுப் பாட்டையும் வரம்போடு ஒட்ட வைக்கும் பழக்கம் அக்காலத்தில் தலைக்கு மேல் போயிருந்தது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியின் குமிழை ஒருவர் முழுவதும் திருகிவிட்ட பிறகு பாட்டு எப்படி இருக்குமோ, அதைச் செலவு செய்து சீடியில் பதித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைத்துக் கேட்டாலும் வெட்டுப்பட்ட முகடு திரும்பி வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே அல்பம், கிற்றார் வடிவக் கருவியின் பொத்தான்களைப் பாட்டுக்கேற்ப அழுத்தி ஆடும் 'கிற்றார் ஹீரோ' விளையாட்டுக்காகவும் வெளியிடப்பட்டது. விளையாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியத்தின் தடத்தையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருந்ததால், இறுதிக் கட்டத்து அமுக்கம் அதில் விழவில்லை. காசு கொடுத்து வாங்கிய அல்பத்தைவிட விளையாட்டில் வந்த பாட்டுத் தெளிவாக இருந்ததை இரசிகர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் அல்பத்தை மீண்டும் கலவை செய்யும்படி கையெழுத்திட்டுக் கேட்டார்கள். உங்கள் ஹெட்போனில் இன்னும் சந்தேகம் இருந்தால், பொப் றொக் தயாரிப்பில் 1991 இல் வந்த, கறுப்பு அட்டை கொண்ட அதே குழுவின் அல்பத்தை அதில் கேட்டுப் பாருங்கள். 1988 இல் வந்ததை வைத்துச் சோதிக்க வேண்டாம். அதில் கேட்டும் கேட்காமலும் இருக்கும் பேஸ் கிற்றாரை, அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிற்றாரை, தேடிக் களைத்து, நல்ல ஸ்பீக்கரையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

என் 13 வயது மகன் 'டூம்' விளையாடுகிறான். காது கிழியும் பாட்டும் கேட்கிறான். கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், உவர்மலை

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், அம்மா. பாட்டை அவனிடம் விட்டுவிடுங்கள். விளையாட்டை இப்போதைக்கு நிறுத்துங்கள். அரக்கர்களைச் சுட்டு வீழ்த்தும் அந்த விளையாட்டின் 2016 ஆம் ஆண்டுப் பதிப்பு அமெரிக்க மதிப்பீட்டில் 17 வயதுக்கும் ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கும் மேற்பட்டவர்களுக்கு உரியது. வீடியோ கேம் வன்முறையைப் பற்றி அமெரிக்கச் செனற் சபையில் விசாரணை நடந்தது 1993 டிசம்பர் 9 ஆம் திகதி. முதலாவது 'டூம்' வெளியானது அதற்கு அடுத்த நாள். வயது மதிப்பீட்டுச் சபை அங்கே மறு ஆண்டே உருவாகிவிட்டது.

பாட்டில் நீங்கள் கவலைப்பட வேண்டியது சொல்லைப் பற்றியல்ல, சத்தத்தைப் பற்றியே. பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை; சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். அவன் ஹெட்போனைப் போட்டிருக்கும்போது, ஒரு கை தூரத்தில் நிற்கும் உங்களுக்கும் பாட்டின் சொற்கள் விளங்கினால் அது அதிகம்.

'கிற்றார் ஹீரோ'வில் கடினமான படிகளை எல்லாம் முடித்துவிட்டேன். இனி உண்மையான கிற்றார் இலகுவாக வருமா? – மாணவன், மூதூர்

வராது. ஐந்து பொத்தான்களுக்கும் ஆறு தந்திகளுக்கும் இடையில் உள்ள தூரம் கொட்டியாரக் குடாவைவிடப் பெரியது. தாளம் தவறாமல் நிற்கும் பழக்கம் மட்டும் கைகொடுக்கும். உண்மையான கிற்றாரைக் கணினியோடு இணைத்து விளையாடும் 'றொக்ஸ்மித்' பயன்படும். கிற்றாரை வாங்கினால், வாசித்து முடித்த ஒவ்வொரு முறையும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். இங்குள்ள உப்புக் காற்றில், துடைக்காமல் சுவரில் தொங்கவிட்ட என் கிற்றாரின் தந்தி மூன்றாவது வாரமே விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டியது.

அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்', மெற்றாலிக்காவின் 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' இரண்டில் எது பெரியது? நண்பர்களுக்குள் சண்டை தீரவில்லை. – மூன்று பேர், அன்புவழிபுரம்

1984 இல் வந்த முதலாவதிலும் 1986 இல் வந்த இரண்டாவதிலும் எட்டு எட்டுப் பாட்டுகள் உள்ளன. சண்டைக்கு வாகான எண்ணிக்கைதான். கட்டுக்கோப்பில் 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதில் வீணான ஒரு பாட்டும் இல்லை. குரலே இல்லாத 'ஒறையன்' என்ற இசைக்கோவையில் கிளிஃப் பேர்ட்டனின் பேஸ் கிற்றார் பேசுவதைக் கேட்டவர்களுக்கு, அல்பம் வந்த அதே ஆண்டு செப்ரெம்பரில் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர் இறந்ததை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கும்.

ஆயினும் என் தேர்வு 'பவர்ஸ்லேவ்'. அதன் நடுப்பகுதியில் தொய்வு உண்டு. அதைக் கடைசிப் பாட்டு ஈடுசெய்துவிடுகிறது. ஆங்கிலக் கவிஞர் கொல்றிட்ஜின் கவிதையைத் தழுவிய அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டு, கடற்பறவையைக் கொன்ற மாலுமியின் கதையைச் சொல்கிறது. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் ஒதுங்கி, பேஸ் கிற்றார் மட்டும் மெல்ல நடக்க, காற்றில்லாத கடலில் அசையாமல் நிற்கும் கப்பலின் மரங்கள் கிரீச்சிடுவது கேட்கும். ஒரு மாலையில் உட்துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, கட்டியிருந்த வள்ளங்களின் கயிறு இறுகும் சத்தம் எது, பாட்டின் சத்தம் எது என்று தெரியாமல் ஒரு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். அப்படி ஒரு நிமிடத்தை மற்ற அல்பம் எனக்குத் தந்ததில்லை. மூவரும் வேறு நீதிபதியைத் தேடலாம்.

புதிய 'டூம்' இசையில் சாத்தானின் சின்னம் ஒளிந்திருக்கிறது என்பது வதந்தியா? – வாசகர், தம்பலகாமம்

உண்மைதான். மிக் கோர்டன் செய்த அந்த இசையின் ஒரு தடத்தை அதிர்வெண் படமாக மாற்றிப் பார்த்தால் ஐங்கோண நட்சத்திரங்களும் 666 என்ற எண்ணும் தெரியும். அது பேய்போல ஒருவரையும் பிடித்துக்கொள்ளாது. கண்டுபிடிப்பவருக்குச் சிரிப்பு வரட்டும் என்று வைத்த குறும்பு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, முதலில் அவரிடம் கிற்றாரே வேண்டாம் என்று சொல்லப்பட்டதும், அவர் ஒன்பது தந்திக் கிற்றாரோடு திரும்பி வந்ததும். சண்டை சூடேறும்போது இசையின் துண்டுகள் தாமாகவே மாறி அடுக்கிக்கொள்ளும்படி அமைத்திருப்பதால், இருவர் விளையாடினால் இருவரும் ஒரே பாட்டைக் கேட்பதில்லை.

பழைய கசற்றுகள் அறுபது இருக்கின்றன. பல ஹெவி றொக் பதிவுகள். நாடாவில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், லிங்கநகர்

இப்போது போட வேண்டாம், ஐயா. அது பூஞ்சணம். ஒரு கசற்றைப் போட்டால் பிளேயரின் தலையில் ஒட்டி, அடுத்த ஐம்பத்தொன்பதுக்கும் பரவும். படிந்தவற்றை முதலில் பிரித்து வேறு பெட்டியில் வையுங்கள். கேட்ட பாட்டுகளைக் கசற்றில் பதிந்து கொடுத்த ரெக்கோர்டிங் பாரில் பதிவித்தவையானால், அட்டையில் பாட்டு வரிசையை எழுதிய கையெழுத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மை முதலில் போய்விடும். மாரி தொடங்கி ஈரம் ஏறுவதற்கு முன், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் சில வாரம் காயவிட்டு, பென்சிலைக் கசற்றின் சக்கரப் பல்லில் கொடுத்து நாடாவை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் ஒட்டாமல் ஓடுகிற, வெள்ளை இல்லாத கசற்றுகளை மட்டும் முதலில் கணினிக்கு மாற்றுங்கள். படிந்தவற்றுக்குச் சந்தையில் ஒரு பழைய பிளேயரை வாங்கி, அதைப் பலிகொடுக்கத் தயாராக இருங்கள்.