அம்மாவுக்கு அல்சைமர்… கொழுப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. அல்சைமர் நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மூளையின் நோய் எதிர்ப்பு செல்களில் கொழுப்பு சேர்வதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று படித்தேன். அன்றிலிருந்து அவருக்கு எண்ணெய் சேர்க்காமல்தான் சமைக்கிறேன். இப்போது மெலிந்துகொண்டே வருகிறார். நான் செய்வது சரியா?

பதில்: இன்றைக்கே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு ஏற்கெனவே உடல் எடை குறையும். கொழுப்பையும் நிறுத்தினால் அம்மாவால் தாங்க முடியாது.

நீங்கள் படித்ததில் பாதி உண்மை. மூளையில் மைக்ரோகிளியா என்ற செல்கள் இருக்கின்றன. இறந்த செல்களின் மிச்சத்தையும், அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும் விழுங்கி அப்புறப்படுத்துவது இவற்றின் வேலை. விழுங்கியதில் இருக்கும் கொழுப்பைச் செரித்து வெளியேற்ற முடியாமல் போனால், அது துளித்துளியாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் துளிகள் நிறைந்த மைக்ரோகிளியாவால் பழையபடி விழுங்க முடியாது. ஆனால், அழற்சியைத் தூண்டும் பொருட்களை மட்டும் அதிகமாகச் சுரக்கும். அதனால் பக்கத்திலிருக்கும் நரம்பு செல்கள் பாதிக்கப்படுகின்றன.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமல்ல. நோயாளியின் மூளையில் கொழுப்பு சேர்ந்திருந்ததை இந்த நோயை முதலில் விவரித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரே 1907-ல் எழுதிவைத்தார். அதன் பிறகு எல்லோருடைய கவனமும் புரதத்தின் பக்கம் போய்விட்டது. 2024-ல் வெளியான ஆய்வில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 (APOE4) மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற நோயாளிகளின் மைக்ரோகிளியாவில் இந்தத் துளிகள் அதிகம் காணப்பட்டன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் இதே சிக்கல் உண்டு. நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையும்போது, அதன் கொழுப்பு இந்தச் செல்களைத் திணறவைக்கிறது.

ஆனால், அந்தக் கொழுப்பு அம்மாவின் தட்டிலிருந்து நேராக அங்கே போகவில்லை. மூளை தனக்குத் தேவையான கொலஸ்டிராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. துளிகளைக் கரைக்கும் மருந்துகள் ஆய்வில்தான் இருக்கின்றன. 'மூளைக் கொழுப்பைக் கரைக்கும்' என்று யாராவது எதையாவது விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

ரத்தக் கொலஸ்டிரால் வேறு கணக்கு. நடுத்தர வயதில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் கூடுவது மறதி நோய்க்கான 14 அபாயக் காரணிகளில் ஒன்று என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சேர்த்தது. எனவே உங்கள் எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கொலஸ்டிரால் மாத்திரை இருந்தால், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்த வாரமே அவருடைய எடையைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல்வலி இருக்கிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையே சிலருக்குப் பசியைக் குறைக்கும். அதையும் மறக்காமல் கேளுங்கள்.