காலை விமானத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் போனால் செக்யூரிட்டி வரிசையில் மாட்டாமல் தப்பலாம்?

இரண்டு மணி நேரம். வயதானவர்கள் கூட வந்தால் இரண்டரை. பதில் அவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்ப் பெட்டி கட்டலாம்.

மற்றவர்களுக்கு: கேள்வியில் இருக்கும் ‘தப்பலாம்’ என்ற சொல்லைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே ஒரு விமானத்தைத் தவறவிட்டவர் என்று தோன்றுகிறது. நானும் தவறவிட்டவள்தான். அலுவலக வேலையாக மாதம் ஒரு முறையாவது பறக்கிறேன். பத்து வருடத்தில் ஒரு விமானத்தைக்கூட விட்டதில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள். போன புரட்டாசியில் அந்தப் பெருமை நான்கு நிமிடத்தில் போனது.

எந்த விமான நிலையம், எந்த விமானம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ‘எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாதே’ என்று நாலு பேர் வருவார்கள்.

அம்மாவைப் புனேயில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். விமானம் காலை 6.40. டிக்கெட் போட்டது அண்ணன், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு. 9 மணி விமானத்தைவிட ஆயிரம் ரூபாய் குறைவாம். அவனுடைய பங்கு எப்போதும் டிக்கெட்டை வாட்ஸாப்பில் அனுப்பி ‘இறங்கினதும் மெசேஜ் பண்ணு’ என்று சொல்வதோடு முடிந்துவிடும். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும், இரண்டு மூட்டு ஆபரேஷனுக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தது யார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. மகன் டிக்கெட் போட்டான் என்பது மட்டும் அருப்புக்கோட்டை முழுக்கத் தெரியும். சரி, அது வேறு கதை.

விடியற்காலையில் கூட்டம் இருக்காது என்று நினைக்காதீர்கள். இரவு நிறுத்தி வைத்த விமானங்களையெல்லாம் எல்லா கம்பெனிக்காரர்களும் 5 மணியிலிருந்து 8 மணிக்குள் கிளப்பிவிடுவார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் விமான நிலையம் மட்டும் பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட் போல இருக்கும்.

அம்மா இரண்டு மணிக்கே தலைக்குக் குளித்து, புடவை கட்டி, சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“கிளம்புவோமா பாப்பா?”

“இப்பவே போய் என்னம்மா பண்றது? அங்க உக்காந்து கொட்டாவி விடறதா?”

இந்தப் பேச்சை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். கடைசியில் உள்ளே நுழையும் வாசலில் நிற்கும்போது மணி 4.55. ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. தனியாகப் போனால் எனக்கு ஒரு மணி நேரமே தாராளம். டிஜியாத்ரா என்கிற போன் செயலி இருப்பதால் முகத்தைக் காட்டி நுழைந்துவிடுவேன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் இருவரும் சாதாரண வரிசை. பெட்டியைப் போட்டுவிட்டு செக்யூரிட்டி வரிசையின் வாலைப் பிடித்தபோது 5.30.

(டிஜியாத்ரா உங்களை ட்ரே எடுக்கிற இடம் வரைக்கும்தான் சீக்கிரம் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு அதுவும் உங்களைப் போல நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டு விமானத்துக்கு அது கிடையவும் கிடையாது.)

கயிறு கட்டி வளைத்து வளைத்து விட்டிருக்கிற அந்த வரிசைதான் நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதில் எங்களுக்குப் போனது 16 நிமிடம். 5.46-க்கு ட்ரே கையில் வந்துவிட்டது. மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு போனது.

முதலில் பெண்கள் பக்கம். ஆண்கள் மேடையில் ஏறிக் கையை விரித்தால் அரை நிமிடத்தில் ஆள் கீழே இறங்கிவிடுவார். எங்களுக்குத் திரை மறைப்பு வேண்டும். வேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நான் போகிற பல இடங்களில் ஆண்களுக்கு மூன்று மேடை என்றால் பெண்களுக்கு ஒரு திரை. டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்று சேர்ப்பார்கள், 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு அதை 200 ரூபாய் ஆக்கினார்கள். அதில் ஆண் பெண் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஸ்கேனருக்கு அந்தப் பக்கம் கணவன்மார்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ‘எங்கே போனாள் இவள்’ என்று எட்டிப் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் உலோகம். கதவுச் சட்டம் கத்தியது, கையில் பிடிக்கும் கருவியும் கத்தியது. அம்மா டிஸ்சார்ஜ் சம்மரியை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைக் காட்டினாலும் சோதனை சோதனைதான், விட்டுவிட மாட்டார்கள். அந்தப் பெண் காவலர் “ஆபரேஷன்?” என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டார். திரையை இன்னும் இழுக்கவில்லை. அந்தப் பெண் பதறிப்போய் ஒரு கையால் திரையை இழுத்து, மறு கையால் புடவையை இறக்கிவிட்டு, தழும்பின் மேலே துணியோடு விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் இந்தியில் என்னவோ கேட்டார். எனக்குப் புரிந்த அளவில், அவருடைய அம்மாவுக்கும் மூட்டு வலியாம், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. “நல்லா நடக்கலாம் தாயி, பயப்படாதே” என்றார். சரியான பதில்தான்.

மணி 5.57.

இப்போது பைகள். பெல்ட்டில் வரும் ட்ரே சந்தேகமென்றால் பக்கவாட்டில் இன்னொரு பாதைக்குத் தள்ளப்படும். அங்கே ஒருவர் பையைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் மறுபடியும் ஸ்கேனரில் விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத வரிசை இது. அன்று எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ட்ரே நின்றது. எங்கள் இரண்டு பைகளும் அதற்குப் பின்னால்.

அம்மாவின் பையில் முறுக்கு அச்சு. அம்மாச்சி காலத்துப் பித்தளை அச்சு, ஒன்றரைக் கிலோ இருக்கும். தீபாவளிக்கு அக்காவுக்கு முள்ளுமுறுக்கு பிழிந்து கொடுக்க. பெட்டியில் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாமல் கைப்பையில் துண்டு சுற்றி வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயில் யோசித்துப் பாருங்கள்: கனத்த உலோக உருளை, உள்ளே இன்னொரு உருளை, அடியில் ஓட்டை போட்ட தட்டு. நான் அந்த எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

துண்டை அவிழ்த்ததும் அம்மா பேசவில்லை. இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, காற்றில் அழுத்தி, வட்டமாகச் சுற்றிப் பிழிந்து காட்டினார். பையைத் திறந்த பெண் சிரித்துவிட்டார். “அரே, சேவ் மெஷின்!” என்று ஸ்கேனர் பக்கம் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். அவர்கள் ஊரில் அதில் சேவ், அதாவது நம் ஓமப்பொடி மாதிரி ஒன்று, பிழிவார்களாம். 6.03-க்கு அச்சு விடுதலை.

இங்கேதான் கதை முடிந்தது என்று என் குடும்பம் முழுக்க நம்புகிறது. ‘அம்மாவின் அச்சால் விமானம் போயிற்று’ என்பதுதான் புனேயிலும் பெங்களூரிலும் பேசப்படும் வரலாறு. அக்கா இந்தத் தளத்துக்கு வருவதில்லை என்ற தைரியத்தில் மீதியை எழுதுகிறேன்.

அடுத்தது என் பை.

“பவர் பேங்க் நிகாலியே மேடம்.”

“நோ பவர் பேங்க்” என்றேன். அந்தக் குரலில் பத்து வருட அனுபவம் இருந்தது. முந்தின இரவு அம்மா தேங்காயை எடுத்துவைத்தபோது, ‘தேங்காயெல்லாம் கைப்பையில் விடமாட்டாங்கம்மா’ என்று வகுப்பெடுத்து வெளியே வைத்தவள் நான். 2024 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காய்க்கு 2025 ஜனவரி 20 வரை மட்டும் விலக்குக் கொடுத்தார்களே, அந்தத் தேதி வரைக்கும் சொன்னவள். என்னிடமா பவர் பேங்க்?

பையை மறுபடியும் ஸ்கேனரில் விட்டார்கள். அதற்கு மற்ற ட்ரேக்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மறுபடியும் வந்தது. “மேடம், ஹை.” இருக்கிறதாம். பக்கவாட்டு ஜிப்புக்குள், மடக்குக் குடைக்குக் கீழே, சார்ஜர் வயர் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதற்கு முந்தின தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுத்தது. மேலே கம்பெனி பெயர் பொறித்த அட்டைகூட இன்னும் பிரிக்கவில்லை. அதை ட்ரேயில் தனியாக வைத்து, பையை மூன்றாவது தடவை விட்டு, வெளியே வரும்போது 6.12.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களுக்கு 25 நிமிடம் முன்னால் கேட்டை மூடுவார்கள். அதாவது 6.15. அம்மாவின் நடைக்கு கேட்டுக்கு ஏழு நிமிடம். 6.03-க்குக் கிளம்பியிருந்தால் 6.10-க்குப் போயிருப்போம். நாங்கள் போனது 6.19.

கண்ணாடிக்கு வெளியே விமானம் நிற்கிறது. ஏணிப்பாலம்கூட இன்னும் எடுக்கவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, “தம்பி, அந்தா நிக்குதே பிளேனு” என்றார். கேட்டில் நின்ற பையன் நல்ல பையன், “சிஸ்டம் குளோஸ் ஆயிடுச்சு பாட்டிம்மா” என்று நாலு முறை சொன்னான். பிறகு எங்கள் பெட்டியை விமானத்திலிருந்து இறக்கப் போவதாகச் சொன்னான். பெட்டிக்கு உடையவர் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறக்கூடாது. 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 329 பேரோடு சிதறியது அப்படி ஆளில்லாமல் ஏறிய பெட்டியில் இருந்த குண்டால்தான். அந்த நியாயமெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா கேட்டது இதுதான்: “பெட்டிய எறக்க நேரமிருக்கு, நம்மள ஏத்த நேரமில்லையாக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. புது டிக்கெட் இரண்டுக்கும் நான்தான் கட்டினேன். அண்ணனிடம் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

‘நாட்டின் பாதுகாப்பைவிட உன் முறுக்கு முக்கியமா’ என்று யாராவது வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: சோதனையே வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 1999 டிசம்பரில் ஐசி 814 விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திக்கொண்டு போன பிறகுதான் 2000-லிருந்து மத்திய தொழில் பாதுகாப்புப் படையை விமான நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களின் செய்தியை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த வயது எனக்கு. நிலைமை மாறியும் இருக்கிறது. கைப்பையின் அட்டையில் சோதனை முடிந்ததற்கான முத்திரை இல்லாவிட்டால் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 2017 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொச்சி உட்பட ஏழு இடங்களில் முதலில் அந்த முத்திரையை நிறுத்தினார்கள். 2022 டிசம்பரில் டெல்லி மூன்றாம் முனையத்தில் கூட்டம் தாங்காமல், உள்நாட்டுப் பயணிகளையே மூன்றரை மணி நேரம் முன்னால் வரச் சொன்ன கூத்தும் நடந்தது. அமைச்சர் நேரில் போய்ப் பார்த்த பிறகு எக்ஸ்ரே இயந்திரங்களைக் கூட்டினார்கள். ஆகக் கூட்டினால் குறையும். பெண்கள் பக்கத் திரைக்கும் அதே கணக்குத்தான், யார் காதிலாவது விழட்டும்.

உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டுமானால், முந்தின இரவு கைப்பையைத் தலைகீழாகக் கட்டிலில் கொட்டுங்கள். ‘எனக்குத் தெரியும், இதில் ஒன்றுமில்லை’ என்ற பையைத்தான் முதலில் கொட்ட வேண்டும். பவர் பேங்கைப் பெட்டியில் போடவே கூடாது, சரக்கு அறையில் தீப்பிடித்தால் பக்கத்தில் போய் அணைக்க ஆளில்லை. கையில்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் அவர் வரை இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் 20,000 எம்ஏஹெச் என்பது சுமார் 74 வாட் அவர்தான், பயப்பட வேண்டாம். லேப்டாப்போடு சேர்த்து அதையும் ட்ரேயில் வெளியே வையுங்கள். பித்தளை, வெண்கலம், இட்லித் தட்டு, அச்சு எல்லாம் பெட்டிக்கு. மூட்டு மாற்றியவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேளுங்கள். என் அம்மா “நான் என்ன நொண்டியா” என்று மறுத்தார். மறுத்தால் அந்த ஏழு நிமிடத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிய விமானத்தில் போய்ச் சேர்ந்தோம். அம்மா தீபாவளி முடிந்து திரும்பி வரும்போது அச்சை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். “எதுக்கு வம்பு, என்னால உனக்குத் தண்டச் செலவு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டை வீட்டுக்கு எவர்சில்வரில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாவு சரியாக இறங்கவில்லை என்கிறார்.